நெல் சூடு அடித்து முடிந்ததும் துவக்கை எப்படி எடுத்து வைப்பது

சூடு அடித்து, அதாவது கதிர் அடித்து, நெல் வீட்டுக்கு வந்து சேர்ந்தவுடன் காவல் கொட்டிலில் இருந்த சாமான் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். ரோச் லைட், பாய், பன்றி கலைக்கத் தட்டும் ரின், கடைசியில் துவக்கு. அதைப் பழைய சாரத் துணியில் சுற்றி, மேலே ஒரு உரப்பையை இழுத்துவிட்டு, இரண்டு இடத்தில் கயிறு போட்டு இறுக்கிப் பரணில் ஏற்றிவிடுவதுதான் எங்கள் பக்கத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது. புரட்டாதியில் இறக்கி அவிழ்த்தால் குழலில் மண்ணிறப் புள்ளி, மடங்கும் இடத்தில் இறுக்கம், மரப்பிடியில் பூஞ்சணம். உடனே ஒயில் சரியில்லை என்பார்கள், இல்லாவிட்டால் துவக்கு பழசு என்பார்கள். இரண்டும் இல்லை. மாரியில் ஏறிய ஈரத்தையும் கை வியர்வையையும் சேர்த்துக் கட்டி, காற்றுப் போகாமல் ஆறு மாதம் அடைத்து வைத்ததுதான் காரணம்.

இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப் போவது அந்த ஒன்றைத்தான்: முதலில் ஈரத்தை எடுங்கள், பிறகு ஒயிலை மெல்லியதாகப் பூசுங்கள், அதற்குப் பிறகு மூடிக் கட்டாதீர்கள்.

தொடங்க முதல் ஒரு விசயம். நான் எழுதுவது அனுமதிப்பத்திரம் உள்ள துவக்குப் பற்றி மட்டும், அதாவது பயிர்க் காவலுக்கென்று முறையாக எடுத்த பன்னிரண்டு போர் (குழல் அளவு) துவக்கு, அல்லது தகப்பன் காலத்திலிருந்து பதிவில் இருக்கிற பழைய துவக்கு. இலங்கையின் 1916ஆம் ஆண்டு சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் உள்ளது, அனுமதிப்பத்திரத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். விலங்கு வரும் வழியில் கட்டி வைத்து, தட்டுப்பட்டால் தானாக வெடிக்கிற கட்டுத்துவக்குக்கு இங்கே இடமில்லை. அது பன்றியை மட்டுமல்ல, மனிசரையும் மாட்டையும் முடமாக்கியிருக்கிறது, அதைப் பராமரிக்க யாருக்கும் வழி சொல்ல நான் தயாரில்லை.

சரி, கறள் எப்படி வருகிறது? இரும்புக்குக் காற்றும் தண்ணீரும் சேர்ந்து கிடைத்தால் போதும். தண்ணீர் என்றால் மழைத்துளி என்று நினைக்க வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத ஈரலிப்பே போதும். காற்றின் ஈரப்பதன் 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பின் மேல் மெல்லிய நீர்ப்படலம் ஒட்டிக்கொண்டு கறள் வேகமாக ஓடத் தொடங்கும். வன்னியில் ஐப்பசியில் வாடைக் காற்றோடு மழை பிடித்தால் தை வரைக்கும் அந்த அளவுக்குக் கீழே வருவதே அரிது. கோடையில் பகலில் வறண்டு கிடந்தாலும் விடியப்புறத்தில் ஈரம் ஏறும். அதோடு உப்புச் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கொக்கிளாய், முள்ளிவாய்க்கால், மன்னார்க் கரை என்று கடலை ஒட்டி இருப்பவர்களுக்குக் காற்றிலேயே உப்பு வரும். கிளிநொச்சி, நெடுங்கேணி என்று உள்ளே இருப்பவர்களுக்குக் கையிலேயே உப்பு இருக்கிறது, அதுதான் வியர்வை. துவக்கைத் துடைக்காமல் வைத்துவிட்டுச் சில நாள் கழித்துப் பாருங்கள், விரல் பட்ட இடத்தில் ரேகை வரி வரியாகவே கறள் எழும்பியிருக்கும். இடது கை பிடிக்கிற இடத்திலும் விசைக்காப்பு வளையத்திலும்தான் அது முதலில் தெரியும்.

குழலின் வெளிப்புறம் கருநீலமாக இருப்பது பெயின்ற் இல்லை. அதுவும் இரும்பின் ஒரு வகை ஒக்சைட்தான், தொழிற்சாலையில் கட்டுப்பாட்டோடு உண்டாக்கிய மெல்லிய படலம். அது ஒயிலைப் பிடித்து வைக்கும், தனியே நின்று ஈரத்தைத் தடுக்காது. "கறுப்பு நிறம் போகவில்லை, அப்ப கறள் பிடிக்காது" என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

எங்கே வைக்கிறோம் என்பதைப் பற்றி யாரும் பெரிதாகக் கதைப்பதில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. எங்கள் வீடுகளில் துவக்கு பெரும்பாலும் களஞ்சிய அறையில் நிற்கும். அதே அறையில் யூரியா மூட்டை, எம்.ஓ.பி மூட்டை, கிணற்றுக்குப் போட வாங்கிய குளோரின் தூள், யானை வேலிக்குச் சார்ஜ் ஏற்றுகிற பற்றரி. இந்த நாலும் இரும்புக்கு எதிரிகள். எம்.ஓ.பி என்பது பொற்றாசியம் குளோரைட், கறியுப்புக்கு அண்ணன் தம்பி முறை, அதன் தூசி குழலில் படிந்து ஈரம் பட்டால் கடற்கரையில் வைத்ததும் இதுவும் ஒன்றுதான். யூரியா காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும். குளோரின் தூள் ரின்னைத் திறந்து மூடினாலே அந்த ஆவி அறை முழுக்கப் போய் ஆணி, பிணைச்சல், பூட்டு எல்லாவற்றையும் அரிக்கும், அப்படியொரு அறையில் கதவுப் பிணைச்சலைப் பார்த்தாலே உங்களுக்கு விளங்கும். ஈய அமிலப் பற்றரி சார்ஜ் ஏறும்போது அமிலப் புகை மெதுவாக வெளியேறும். ஆகவே உரம், குளோரின், பற்றரி இருக்கிற அறையில் துவக்கு வேண்டாம். இதை மட்டும் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மண்வெட்டி, கத்தி, மருந்தடிக்கிற மெசின் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

சிலர் அடுப்புக்கு மேலே பரணில் வைப்பார்கள். புகை பட்டால் கறையான் வராது, சூட்டில் ஈரம் காயும் என்பது பழைய ஆட்களின் கணக்கு. மரத்துக்கு அது சரி. இரும்புக்குச் சரியில்லை, ஏனென்றால் விறகுப் புகையில் அமிலமும் தாரும் உண்டு, அது பிசின் போலப் படிந்து உள்ளே விசையோடு ஒட்டிக்கொள்ளும். சமையல் நேரம் சூடு, இரவில் குளிர், இடையில் கஞ்சி கொதித்த ஆவி. இப்படி மாறி மாறி வந்தால் குளிர்ந்த இரும்பின் மேல் தண்ணீர் வேர்க்கும்.

நல்ல இடம் என்றால், வீட்டின் உள் அறை, வெளிச்சுவரில் சாயாமல், சீமெந்து நிலத்தில் நேரே நிற்காமல், பூட்டுப் போட்ட மர அலுமாரி அல்லது இரும்பு அலுமாரி. சீமெந்து மாரியில் ஈரத்தை உறிஞ்சிக் கொண்டே இருக்கும், சுவரில் சாத்தி வைத்த துவக்கில் சுவர்ப் பக்கம் மட்டும் கறள் பிடித்திருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அலுமாரியின் மேலும் கீழும் காற்றுப் போக இரண்டு மூன்று சிறு துளை இருந்தால் நல்லது. பூட்டு எப்போதும் இருக்கட்டும், சாவி பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில். சட்டமும் அதைத்தான் எதிர்பார்க்கிறது, வீட்டில் பிள்ளைகள் இருந்தால் சட்டம் சொல்லாவிட்டாலும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

துடைக்கிற வேலை

முதல் வேலை துவக்கை நடுவில் மடக்கித் திறந்து தோட்டா இல்லை என்று கண்ணால் பார்ப்பது. பிறகு சின்ன விரலை விட்டுத் தடவியும் பார்ப்பது. போன கிழமைதான் வெறுமையாக்கினேன் என்ற நினைப்பை நம்பாதீர்கள். தோட்டாப் பெட்டி வேறு அறையில் இருக்கட்டும். ரிப்பீற்றர் (பல தோட்டா அடுக்கிச் சுடுகிற துவக்கு) என்றால் தோட்டா அறையோடு கீழே உள்ள குழாயையும் பார்க்க வேண்டும், ஒன்று உள்ளே தங்கி நிற்பது நடக்கக்கூடியது.

ஒற்றைக் குழல் துவக்கை மூன்று பாகமாகக் கழற்றலாம். முன்பிடி, குழல், மரப்பிடியோடு சேர்ந்த பின்பகுதி. இதற்கு மேல் ஆணி கழற்ற வேண்டாம். உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது, சரியான அளவில்லாத திருப்புளியை விட்டு ஆணித் தலையைச் சிதைத்தால் பிறகு அனுமதி பெற்ற துவக்குத் திருத்துநரிடம்தான் போக வேண்டிவரும். சொந்தமாகத் துளை போடுவது, அராவுவது, உருக்கி ஒட்டுவது எதுவும் கூடாது.

குழலை எப்போதும் தோட்டா போடுகிற பக்கத்திலிருந்து துப்பரவு செய்யுங்கள். வாய்ப் பக்கத்திலிருந்து கோலை விட்டால் வாய் ஓரம் தேயும், அழுக்கும் விசையும் ஸ்பிரிங்கும் இருக்கிற பொறிப் பக்கம் போய்ச் சேரும். இரும்புக் கம்பி வேண்டாம், பித்தளைக் கோல் அல்லது நேரான மரக்கோல் போதும். நுனியில் பருத்தித் துணி, பழைய வேட்டித் துணி நல்லது, பொலியெஸ்ரர் ஈரத்தை உறிஞ்சாது. மண்ணெண்ணெய் தொட்ட துணியை நாலைந்து தரம் விட்டு இழுங்கள், கறுப்பு வருவது நிற்கும் வரை காய்ந்த துணியை மாற்றி மாற்றி விடுங்கள். தோட்டா அறைக்குச் சற்று முன்னால் பிளாஸ்ரிக் உருகிப் படிந்த கோடு ஒன்று இருக்கும், இது பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துச் சரித்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும். அதற்கு அடியில்தான் ஈரம் ஒளிந்திருந்து அரிக்கும். பித்தளை பிரஷை மண்ணெண்ணெயில் தோய்த்து அந்த இடத்தில் மட்டும் சுழற்றித் தேய்த்தால் போகும்.

கறுப்பு மருந்து (பழைய வகை வெடிமருந்து) போட்டுச் சுடுகிற பழைய துவக்கு வைத்திருப்பவர்கள் வேறு மாதிரிச் செய்ய வேண்டும். கறுப்பு மருந்தின் எச்சத்தில் உப்பு இருக்கிறது, அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஒரே இரவில் உட்புறம் சிவந்துவிடும். உப்பு ஒயிலில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். ஆகவே குழலைத் தனியே எடுத்துச் சவர்க்காரம் கலந்த சுடுதண்ணீரால் கழுவி, பிறகு வெறும் சுடுதண்ணீர் ஊற்றுங்கள். சூடு ஏறிய குழல் தானாகவே காய்ந்துவிடும், கை பொறுக்கிற சூட்டில் இருக்கும்போதே ஒயில் துணியை விட்டுவிடுங்கள். துவக்குக்குத் தண்ணீர் ஊற்றுவதா என்று பயப்பட வேண்டாம், அந்த உப்பை வெளியேற்ற வேறு வழி இல்லை. இப்போது கடையில் வாங்குகிற தோட்டாவுக்கு இது தேவைப்படாது.

ரைபிள் வைத்திருப்பவர்கள் குறைவு, அவர்களுக்கு ஒரு குறிப்பு. அதன் குழலுக்குள் சுழல் வரி உண்டு, அந்தப் பள்ளங்களில் செம்பும் கரியும் படியும். குழல் அளவுக்குச் சரியான பிரஷ் இல்லாமல் துணியை மட்டும் விட்டால் மேட்டை மட்டும் துடைத்துப் பள்ளத்தை விட்டுவிடும்.

வெளிப்புறத்தில் கவனிக்க வேண்டிய இடம் பளபளப்பாகத் தெரிகிற இடம் இல்லை. மரமும் இரும்பும் சேர்கிற கோடு, முன்பிடிக்கு அடியில் மறைந்திருக்கிற குழல், மடங்கும் பிணைச்சல், தோட்டாவை வெளியே தள்ளுகிற நாக்கின் அடிப்பகுதி, இவைதான். முன்பிடியைக் கழற்றாமல் வருடக்கணக்கில் துடைத்து வருகிறவர்கள் ஒருக்கால் கழற்றிப் பாருங்கள். மரம் ஈரத்தைப் பிடித்து இரும்போடு அணைத்து வைத்திருக்கும், கறள் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. மூலைகளுக்குப் பழைய பல் பிரஷ் போதும்.

எந்த ஒயில், எவ்வளவு

இதில்தான் கூடுதலான பிழை நடக்கிறது. தேங்காயெண்ணெய் வேண்டாம். பூசியவுடன் மினுமினுக்கும், சில மாதத்தில் காறல் எடுத்து அமிலமாகும், தூசியோடு சேர்ந்து பிசுபிசுக்கும். நல்லெண்ணெய் இன்னும் மோசம், காய்ந்து பிசினாகி விசையையே இறுக்கும். லான்ட் மாஸ்ரரில் (இரண்டு சில்லு உழவு மெசினில்) இருந்து வடித்த கழிவு ஒயிலைப் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள், அதில் எரிந்த கரி, உலோகத் தூள், அமிலம் எல்லாம் உண்டு. மண்ணெண்ணெய் கழுவ நல்லது, காக்க உதவாது, ஆவியாகி வெறும் இரும்பை விட்டுவிட்டுப் போகும்.

டபிள்யூடி-40 பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அது 1953இல் அமெரிக்காவில் ஏவுகணை உடலில் தண்ணீரை விலக்கிக் கறள் வராமல் காக்க உருவாக்கியது. நனைந்த துவக்கிலிருந்து தண்ணீரை வெளியேற்ற அதைப் போல லேசான வழி இல்லை. ஆனால் அது மெல்லியது, பெரும்பகுதி ஆவியாகிவிடும். ஆறு மாதம் எடுத்து வைக்கிற துவக்குக்கு அதை மட்டும் அடித்துவிட்டு விடாதீர்கள், அடித்து, துடைத்து, அதற்கு மேல் ஒயில் பூசுங்கள்.

துவக்குக்கென்று விற்கிற ஒயில் கிடைத்தால் அதுதான் நல்லது. கிடைக்காவிட்டால் தையல் மெசின் ஒயில். பாக்கெற்றில் வருகிற புதிய என்ஜின் ஒயிலும் அவசரத்துக்கு உதவும், கொஞ்சம் தடிப்பு. நீண்ட நாள் தொடாமல் வைக்கப் போகிறீர்கள் என்றால், அல்லது கடல் பக்கம் இருந்தால், குழலின் வெளிப்புறத்துக்கும் உட்புறத்துக்கும் வெள்ளை வாஸ்லின் மெல்லியதாகப் பூசலாம், அது கீழே வழியாது. வாசனை போட்டது வேண்டாம்.

அளவு? துணியில் நாலு சொட்டு விட்டுக் கையால் கசக்கினால் துணி முழுக்கப் பரவும், அந்தத் துணியால் முழுத் துவக்கையும் துடைக்கலாம். துடைத்த இடத்தில் விரலை வைத்து எடுத்தால் மங்கலாக ஒரு அடையாளம் விழ வேண்டும், ஒயில் வழியக் கூடாது. கூட ஊற்றினால் நல்லது என்பது தவறு. வழிகிற ஒயில் தூசியைப் பிடிக்கும், பொறிக்குள் இறங்கிப் பிசினாகும், அங்கிருந்து மரப்பிடியின் கழுத்துக்குள் ஊறும். ஒயில் ஊறிய மரம் கறுத்து மெதுவாகிப் பஞ்சு போலாகும், ஒரு நாள் வெடி வைக்கும்போது கழுத்தில் பிளக்கும். பழைய துவக்குகளில் பிடியின் கழுத்துக் கறுத்து இருப்பதற்கு இதுதான் காரணம். அதனால்தான் துவக்கை வாய்ப் பக்கம் கீழே இருக்க நிறுத்தி வைக்கச் சொல்கிறேன், குழலின் வாய் ஒரு காய்ந்த பலகைத் துண்டில் அல்லது ரப்பர் துண்டில் இருக்கட்டும். மிஞ்சிய ஒயில் மரத்துக்குள் போகாமல் கீழே இறங்கிவிடும்.

பூசி முடித்த பிறகு வெறும் கையால் இரும்பைத் தொடாதீர்கள். மரத்தில் பிடித்துத் தூக்குங்கள், அல்லது அதே ஒயில் துணியால் பிடியுங்கள்.

மரப்பிடிக்குத் துவக்கு ஒயில் பூச வேண்டாம். காய்ந்த துணியால் துடைத்து, வருடத்துக்கு ஒரு தரம் ஆளிவிதை எண்ணெயைச் சில சொட்டு உள்ளங்கையில் தேய்த்து மரத்தில் பூசி, ஒரு நாள் காய விடுங்கள். அது காய்ந்து படலமாகும் எண்ணெய், மரத்துக்கு அது வேண்டும். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது, விரித்துக் காயப் போடுங்கள். கறையானுக்கு மருந்து தேடுவதைவிடத் துவக்கை நிலத்திலிருந்தும் சுவரிலிருந்தும் விலக்கி வைப்பதுதான் வழி. மாதம் ஒரு தரம் எடுத்துப் பார்த்தாலே கறையான் மண் ஏறுவது தெரிந்துவிடும்.

உறை, சீலை, பொலித்தீன்

மெல்லிய ஒயில் பூசிய துவக்கு காற்றோட்டமான அலுமாரியில் வெறுமனே நின்றால் எதுவும் ஆகாது. சாரத் துணியில் சுற்றினால் துணி ஒயிலை உறிஞ்சிவிட்டு அந்த இடத்தில் ஈரத்தைக் கொடுக்கும். உரப்பை பற்றிச் சொல்லத் தேவையில்லை, என்னதான் கழுவினாலும் உரம் உரம்தான். தோல் உறை பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் தோல் பதனிட்ட உப்பும் அமிலமும் அதிலே இருக்கும், ஈரத்தையும் பிடிக்கும், கொண்டு போக மட்டும் பாவியுங்கள். பஞ்சு வைத்த பெட்டியும் அப்படியே. பொலித்தீனுக்குள் கட்டினால் உள்ளே இருக்கிற காற்றின் ஈரம் இரவில் குளிரும்போது இரும்பில்தான் தண்ணீராக விழும்.

குழல் வாயில் துணி அடைப்பது இன்னொரு பழக்கம். அடைக்காதீர்கள். துணி ஈரத்தைப் பிடித்து வாயைச் சுற்றிக் கறள் வளையம் போடும், அதைவிடப் பெரிய ஆபத்து, அடைத்ததை மறந்து சுடுவது.

சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். நன்றாக மூடுகிற பெட்டிக்குள் வைத்தால் வேலை செய்யும், திறந்த அறையில் வைத்தால் அரை நாளில் நிரம்பிவிடும், பிறகு வெறும் கல்தான். நிறம் மாறுகிற வகை வாங்கினால் நிரம்பியது தெரியும், சூடாக்கிக் காய வைத்து மீண்டும் பாவிக்கலாம். அரிசியைத் துணியில் கட்டி வைப்பதால் பெரிய பலன் இல்லை, எலிதான் வரும்.

நனைந்து வந்தால்

காலபோகத்தில், அதாவது மாரிப் பயிர்க் காலத்தில், இரவுக் காவலுக்குப் போனால் பனியோ தூறலோ படாமல் துவக்கு வீடு திரும்பாது. விடியப்புறம் வந்து களைப்பில் மூலையில் சாத்திவிட்டுப் படுப்பது இயல்பு. அந்த ஐந்து நிமிசத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: திறந்து, தோட்டாவை எடுத்து, காய்ந்த துணியால் உள்ளும் வெளியும் துடைத்து, ஒயில் துணியால் ஒரு இழுப்பு. பூட்டிவைக்க முதல் கொஞ்ச நேரம் அறைச் சூட்டுக்கு வர விடுங்கள், குளிர்ந்த இரும்பு வேர்த்து முடியட்டும். முழுத் துப்பரவு பிறகு நேரம் கிடைக்கும்போது.

வெள்ளத்தில் முழுக்க நனைந்த துவக்கு வேறு கதை. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறந்து கிளிநொச்சிப் பக்கம் தண்ணீர் ஏறியபோது வீட்டுச் சாமான் எத்தனை சேற்றுக்குள் போனது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அப்படி ஏதும் நடந்தால் சேறு காய முதல் நல்ல தண்ணீரில் அலசுங்கள், காய்ந்தால் மண் பொறிக்குள் பிடித்துவிடும். மூன்று பாகமாகக் கழற்றி, தண்ணீரை விலக்குகிற ஸ்பிறேயை மூலைகளில் அடித்து, நிழலில் காற்றில் வைத்துக் காய விடுங்கள். வெயிலில் வைத்தால் மரம் வெடிக்கும், அடுப்பில் காட்டினால் அதைவிட மோசம். பிறகு ஒயில். பொறிக்குள் சேறு போயிருந்தால் அனுமதி பெற்ற திருத்துநர் திறந்து பார்க்காமல் அதைப் பாவிக்கக் கூடாது. வெள்ளத்தில் துவக்கு காணாமல் போனால் அன்றைக்கே பொலிஸில் முறைப்பாடு எழுத வேண்டும், தேடிப் பார்த்துவிட்டுச் சொல்வோம் என்று இருக்காதீர்கள்.

கறள் பிடித்துவிட்டால்

மேலோட்டமான மண்ணிறக் கறள் என்றால் அந்த இடத்தில் ஒயிலை விட்டு ஒரு இரவு ஊற விடுங்கள். அடுத்த நாள் மிக மெல்லிய இரும்புப் பஞ்சில், நாலு சைபர் என்று கேட்டால் கடையில் தெரியும், ஒயில் தோய்த்து மெதுவாகத் தேயுங்கள். அழுத்த வேண்டாம், கறள் தானாக வழித்துக்கொண்டு வரும், அடியில் கருநீலம் பெரும்பாலும் தப்பியிருக்கும். மண்கடதாசி போட்டால் கறளோடு கருநீலமும் போய்விடும், அதன் பிறகு அந்த வெள்ளை இரும்பு ஒவ்வொரு மாரியும் புதிதாகக் கறள் பிடிக்கும். வினாகிரி, எலுமிச்சம்புளி, ரொய்லற் கழுவுகிற அசிட் எல்லாம் அதே வேலையைத்தான் செய்யும்.

தொடர் இலக்கம் பொறித்த இடத்தில் மட்டும் தனிக் கவனம் வேண்டும். அனுமதிப்பத்திரத்தில் இருக்கிற இலக்கமும் இரும்பில் இருக்கிற இலக்கமும் ஒன்றாக வாசிக்கப்பட வேண்டும். கறள் தின்று இலக்கம் மங்கினாலும் நீங்கள் தேய்த்து மங்கினாலும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். அங்கே ஒயிலும் மெல்லிய துணியும் மட்டும்.

குழலுக்குள் விரல் நகம் தடக்குகிற மாதிரிக் குழி விழுந்திருந்தால், குழல் நசுங்கியோ வீங்கியோ தெரிந்தால், அது துடைத்துச் சரி வருகிற விசயமில்லை. சுடாமல் திருத்துநரிடம் கொண்டு போங்கள், அனுமதிப்பத்திரம் கையோடு இருக்கட்டும். இங்கிலாந்தில் செய்த மிகப் பழைய துவக்குகள் சிலவற்றில் குழல் மேல் சுருள் சுருளாக மரவரி மாதிரி ஒரு கோலம் இருக்கும். அது இரும்புப் பட்டியைச் சுற்றி அடித்து ஒட்டிய குழல், கறுப்பு மருந்துக் காலத்துக்கு உரியது. அந்த ஒட்டுகளுக்குள் கறள் போனால் வெளியே தெரியாது. இன்றைய தோட்டாவை அதில் போடவே வேண்டாம், துடைத்துப் பாதுகாத்து வையுங்கள்.

தேய்மானம் பற்றிக் கொஞ்சம். மடங்கும் பிணைச்சலில் மணல் ஒன்று இருந்தாலும் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அது இரும்பைத் தின்னும், சில வருடத்தில் குழல் ஆடத் தொடங்கும். அங்கே பழைய கிறீஸைத் துடைத்துவிட்டு ஒரு அரிசி அளவு புதிய கிறீஸ் வையுங்கள். துவக்கைக் கையை உதறிப் படாரென்று மூடாதீர்கள். குதிரையை (ஊசியை அடிக்கிற சுத்தியலை) ஏற்றிய நிலையில் மாதக்கணக்கில் விட்டால் ஸ்பிரிங் தளரும், இறக்கி வைக்க வேண்டும். ஆனால் வெறும் துவக்கில் விசையை இழுத்து இழுத்து விளையாடினால் ஊசி முறியும், ஆகவே மருந்தும் கேப்பும் இல்லாத போலித் தோட்டா ஒன்று கிடைத்தால் அதைப் போட்டு ஒரு தரம் இறக்குங்கள்.

தோட்டாவுக்கு ஒயில் பட விடாதீர்கள், அடியில் மருந்தைப் பற்ற வைக்கிற கேப்புக்குள் ஒயில் ஊறினால் வெடிக்காது, அல்லது பிந்தி வெடிக்கும். இழுத்தும் வெடிக்காவிட்டால் குழலை ஆளில்லாத பக்கம் பிடித்தபடி அரை நிமிசமாவது பொறுத்துப் பிறகு திறவுங்கள். தோட்டாவைத் துவக்கோடு ஒரே அலுமாரியில் வைக்காமல், மூடி இறுகிய ரின்னில், வேறு பூட்டில் வையுங்கள். கடதாசிச் சுவர் ஊதிய தோட்டாவும், பித்தளை பச்சை பூத்த தோட்டாவும் பாவிக்க உதவாது. கிணற்றிலோ காட்டிலோ எறியாமல் பொலிஸில் கேட்டு ஒப்படையுங்கள்.

எடுத்து வைத்த பிறகு மாதத்துக்கு ஒரு தரம் பார்த்தால் போதும், மாரியில் இரண்டு கிழமைக்கு ஒரு தரம். திறந்து பார்த்து, ஒயில் துணியால் ஒரு தரம் இழுத்து, திரும்ப வைப்பது, அவ்வளவுதான். அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கிற காலம் வரும்போது இலக்கத்தையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்த போகத்துக்கு வெளியே எடுக்கிற அன்று, தோட்டா போட முதல் குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பூசி வைத்த வாஸ்லினும் ஒயிலும் உள்ளே இருக்கும், காய்ந்த துணியை விட்டு முழுக்க எடுங்கள். அதோடு இங்கே ஒரு விசேடம் உண்டு: வேட்டுவன் குளவி மண் கொண்டு வந்து கூடு கட்ட விரல் அளவான துளையைத்தான் தேடும், துவக்குக் குழல் அதற்கு அளவெடுத்த மாதிரி. வாயிலிருந்து பார்த்தால் இருட்டாகத் தெரியும், குழல் அழுக்கு என்று நினைப்பீர்கள். அந்தச் சிறு மண் அடைப்போடு சுட்டால் அடைப்பு இருக்கிற இடத்தில் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். பின்பக்கத்திலிருந்து கோலை விட்டு மண்ணைத் தள்ளி, துணி விட்டு, மறுமுனையில் வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் துவக்கைத் திரும்பப் பொருத்த வேண்டும்.